தொலைந்துபோன 'ஆம்': பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு தமிழாசிரியையின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் 'தமிழம்மா' என்று கூப்பிடுவார்கள். இந்த மடலைப் பல ஆண்டுகளாக மனத்துக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். காகிதத்தில் இறக்குவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

2018 மே மாதத் தொடக்கத்தில் என் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் பக்கம் இறங்கியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று ஓர் ஆள் பதற்றத்தோடு பேசினார். யார் அவர், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை காணாமல் போனது, ஒன்றும் அதில் இல்லை. நான் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். ஒன்று எங்கள் உறவினர் குழு. இன்னொன்று ஆசிரியர் குழு. மூன்றாவது, என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் குழு. கீழே இரண்டு வார்த்தையும் சேர்த்தேன்: "எதற்கும் இருக்கட்டும்."

மே 9ஆம் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் போளூர் பக்கத்து அத்திமூரில் வழி கேட்க நின்றது. தெருவில் இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று யாரோ கத்த, கூட்டம் சேர்ந்து அடித்தது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா செத்துப் போனார். கூட வந்தவர்கள் குற்றுயிராகக் கிடந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஓர் ஆளை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

நான் அனுப்பிய பதிவு அத்திமூருக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. போகவில்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய் கொடுப்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு நான் தமிழ் சொல்லித் தரும் விதம் மாறியது. எட்டாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஒரு செய்தியைக் கையில் எடுத்து விசாரிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே இந்த மடல். அறிவுரையாகக் கொடுத்தால் ஒட்டாது. எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் என்ற குறளை என் பிள்ளைகள் அடி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். நானே எத்தனை ஆண்டு நடத்தியிருக்கிறேன்! அந்த மே மாதம் அது என் விரலைத் தடுக்கவில்லை. நீச்சலைப் பாடமாக நடத்தித் தேர்வு வைத்தால் பிள்ளை நீந்துமா? இதுவும் அப்படித்தான்.

முதலில் மொழியிலிருந்து தொடங்குகிறேன், என் பிழைப்பு அதில்தான்.

நம் பேச்சில் ஒரு சின்ன விகுதி இருக்கிறது. "வந்தான்" என்றால் நான் பார்த்தேன். "வந்தானாம்" என்றால் யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட இந்த வேறுபாட்டைக் கச்சிதமாகக் காப்பாற்றுவாள். "பக்கத்து ஊர்ல புள்ளைய தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த 'ஆம்' கேட்கிறவரை எச்சரிக்கிறது. அடுத்த ஆளிடம் போகும்போது 'ஆம்' உதிர்ந்துவிடுகிறது. "தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று ஆகிவிடுகிறது. மூன்றாவது ஆள் ஊர்ப் பெயரைச் சேர்க்கிறார். அனுப்புகிற பொத்தானுக்கு 'ஆம்' போடத் தெரியாது. வந்தது வந்தபடியே, பார்த்தவர் சொன்ன தோரணையில், அடுத்த கைக்குப் போகிறது.

ஆகவே என் வகுப்பின் முதல் பயிற்சி இது: கைபேசியில் வந்த ஒரு செய்தியை எழுதி வந்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஆம்' எங்கே வர வேண்டும் என்று குறிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது விளங்குகிறது. ஒரு செய்தி முழுவதிலும் 'ஆம்' போட்டு முடித்த பெண் ஒருத்தி நிமிர்ந்து, "இதுல பாத்தவங்க யாருமே இல்லையே டீச்சர்" என்றாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

நாளிதழ்களிலும் இந்த 'ஆம்' வேறு வேடத்தில் வருகிறது. "கூறப்படுகிறது", "தெரிகிறது", "தகவல்கள் தெரிவிக்கின்றன", "நெருங்கிய வட்டாரங்கள்". இவற்றை அடிக்கோடிடச் சொல்வேன். சில செய்திகளில் அடிக்கோடு இல்லாத வாக்கியம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அப்படிப்பட்ட செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. நிருபருக்குச் சொன்னவரைக் காட்டிக்கொடுக்க முடியாத நிலை இருக்கலாம். எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த எடைபோடுதலுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகளை, சொல்கிறான். அதில் 'ஐதிகம்' ஒன்று. இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதைக் கேட்டுத் தெளிவது. அதோடு நிற்காமல், பிழையான அறிவு எப்படியெல்லாம் உண்டாகும் என்று எட்டு வகையும் சொல்கிறான். 'திரியக் கோடல்' என்பது ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது, சிப்பியை வெள்ளி என்பதுபோல. 'தேராது தெளிதல்' என்பது ஆராயாமலே உறுதிகொள்வது, திடலில் நிற்கும் கம்பத்தை ஆள் என்று முடிவுகட்டுவதுபோல. வெளியிலிருந்து வந்த சொற்களைத் தேடி அலைகிறோம். இவை நம் பாட்டன் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. இந்தக் காதையை நெட்டுருப் போட வேண்டிய பகுதியாகக் கொடுத்து வீணாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2018இல் நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளைபிடிக் காணொளி திரியக் கோடலுக்கு நேரான எடுத்துக்காட்டு. இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்க்கிறவர் நெஞ்சு பதறும். அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவதோடு அது முடியும். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டார்கள். வரிசையாகக் கிடத்திய பிஞ்சு உடல்களின் படம் ஒன்றும் அப்போது சுற்றியது. அது 2013இல் சிரியாவின் கூட்டா பகுதியில் நச்சுவாயுத் தாக்குதலில் மாண்ட குழந்தைகளின் படம். படங்கள் இரண்டும் உண்மையில் எடுத்தவைதான். அவற்றின் கீழே எழுதிய ஊரும் காலமும் காரணமும்தான் பொய். "படமே இருக்கே" என்று சொல்லும் பிள்ளையிடம் இதைத்தான் காட்டுவேன்.

படத்தை விசாரிப்பது கடினமில்லை. கூகுள் லென்ஸில் போட்டால் அந்தப் படம் முன்பு எங்கெல்லாம் வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். அதற்கு முன், கண்ணாலேயே நிறையப் பார்க்கலாம். கடைப் பலகையில் என்ன எழுத்து? வண்டி எண் எந்த மாநிலம்? பேருந்தின் நிறம் என்ன? போலீஸ்காரர் சீருடை நம் ஊர்ச் சீருடையா? மே மாத வெயிலில் எடுத்தது என்றால் ஏன் எல்லோரும் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்? கிராமத்துப் பிள்ளைகள் இதில் எங்களை மிஞ்சிவிடுகிறார்கள். வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து, "இது நம்ம பக்கத்து நெல்லு இல்ல, கோதும" என்று சொன்னவன் என் மாணவன்தான்.

இன்னொரு முறைக்கு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெரிய ஆய்வே நடத்தினார்கள். 2019இல் வந்த அறிக்கையில், 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இணைய வசதியோடு சில பயிற்சிகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று, வாக்குப்பெட்டியில் கள்ளவாக்குகளைத் திணிக்கும் ஒரு காணொளி. இது அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு வலுவான சான்றா என்று கேட்டதற்குப் பாதிக்கும் மேற்பட்டோர் சான்றுதான் என்றார்கள். காணொளி ரஷ்யாவில் எடுத்தது. அதன் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே மூன்று பேர். பெரிய படிப்பு, வேகமான இணையம் எல்லாம் இருந்தும் இந்த நிலை. அதே குழு அதற்கு முன் இன்னொன்றையும் கவனித்தது. வரலாற்றுப் பேராசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஓர் இணையப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் அழகையும் முகவரியையும் அடிக்குறிப்பையும் பார்த்து எடைபோட்டார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, அதை நடத்துவது யார் என்று பிற இடங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பெண் பார்க்கும் படலம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு யார் பெண் கொடுக்கிறார்கள்? எதிர்வீட்டில் கேட்கிறோம், மளிகைக் கடையில் கேட்கிறோம், அவர் வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தவர் உண்டா என்று பார்க்கிறோம். அக்கம்பக்கம் விசாரிப்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதைக் கைபேசிச் செய்திக்கும் கொண்டுவர வேண்டும். என் வகுப்பில் இந்தப் பயிற்சிக்குப் பெயரே 'அக்கம்பக்கம்'.

விசாரிக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, பெரியவர்களும் விழும் பள்ளம். "பத்து இடத்தில் வந்திருக்கிறது டீச்சர், அப்போ உண்மைதானே?" அதற்கு உ.வே. சாமிநாதையரை அழைத்துக்கொள்வேன். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்காக அவர் ஊர் ஊராகத் தேடி ஏடுகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார். ஏடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: ஒரே ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் படியெடுத்திருந்தால், அந்தப் பத்தும் ஒரு சாட்சிதான். மூல ஏட்டில் இருந்த பிழை பத்திலும் இருக்கும். செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பியதைப் பத்து நாளிதழ்கள் வெளியிட்டால் அதுவும் ஒரு சாட்சிதான். வாக்கியங்கள் அச்சு அசலாக ஒத்திருந்தால் அங்கே ஓர் ஏடுதான் இருக்கிறது என்று என் பிள்ளைகள் இப்போது தாமாகவே சொல்கிறார்கள்.

மூல ஏட்டைத் தேடிப் போகும் பயிற்சிக்கு 2016 நவம்பர் நல்ல பாடம். புதிய 2,000 ரூபாய்த் தாளில் நானோ சில்லு இருக்கிறது, மண்ணுக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் என்று தொலைக்காட்சிச் செய்திகளிலேயே சொன்னார்கள். ரிசர்வ் வங்கி நவம்பர் 8ஆம் தேதியே அந்தத் தாளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டிருந்தது. நீள அகலம் 66க்கு 166 மில்லிமீட்டர், பின்புறம் மங்கள்யான் படம் என்று ஒவ்வொரு கூறாக அதில் இருந்தது. சில்லு இல்லை. எல்லோருக்கும் கிடைக்கும் இரண்டு பக்க அறிக்கையைப் படிக்காமல் மணிக்கணக்கில் பேசினார்கள். மூலம் என்ற ஒன்று உண்டு, அதைச் சாதாரண ஆளும் திறந்து படிக்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. அரசாணை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தீர்ப்பின் முழு வடிவம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. இவற்றில் ஒன்றையேனும் பள்ளியை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இனி ஊடகத்தின் சாய்வு. இதைப் பற்றி எழுதும்போது நீங்கள் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இதில் அரைகுறைத் தெளிவு ஏற்கெனவே இருக்கிறது. எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சிக்காரருடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். வேறு மாநிலங்களில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது நமக்கு அலைவரிசையின் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் நம்மிடம் வளர்ந்திருப்பது வேறொரு நோய்: "அவன் டிவி அப்படித்தான் சொல்லும்" என்று தள்ளிவிட்டு, தன் வீட்டு டிவி சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்வது. சாய்வுள்ள ஊடகம் உண்மையைச் சொல்வதும் உண்டு. ஆளுங்கட்சி அலைவரிசை காட்டாத சாலைப் பள்ளத்தை எதிர்க்கட்சி அலைவரிசைதான் காட்டும். பள்ளம் பொய்யா? சாய்வு வேறு, பொய் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், பிள்ளை எதையும் நம்பாத ஆளாக வளரும். எதையும் நம்பாத ஆளைக் கடைசியில் தனக்குப் பிடித்தவர் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

சாய்வு வாக்கியத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்ட இலக்கண வகுப்பே போதும். அத்திமூர் நடந்த அதே மே மாதத்தில்தான் தூத்துக்குடியும் நடந்தது. 22ஆம் தேதியும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். கரும்பலகையில் நானே மூன்று தலைப்புகளை எழுதிப் போட்டேன்.

போலீசார் சுட்டதில் 13 பேர் மரணம்.
துப்பாக்கிச் சூடு: 13 பேர் பலி.
போராட்டத்தில் வன்முறை: 13 பேர் உயிரிழப்பு.

மூன்றில் எதிலும் பொய் இல்லை. சுட்டது யார் என்ற கேள்விக்கு விடை முதல் வாக்கியத்தில் இருக்கிறது. இரண்டாவதில் சூடு மட்டும் இருக்கிறது, சுட்டவர் மறைந்துவிட்டார். மூன்றாவதில் துப்பாக்கியும் போய்விட்டது. போராடியவர்களே ஒருவரையொருவர் கொன்றுகொண்டார்களோ என்றுகூடத் தோன்றும். தோன்றா எழுவாய் என்று நாம் காலங்காலமாக நடத்தும் பாடம் எவ்வளவு கூர்மையான கருவி என்று அன்றுதான் நானே உணர்ந்தேன். தலைப்பில் எழுவாயைத் தேடு என்று சொல்லிக் கொடுத்தால், செய்தித்தாள் படிக்கும்வரை அந்தப் பிள்ளை மறக்காது. எதைத் தலைப்பாக்கினார்கள், எதை ஆறாம் பக்கத்து மூலையில் போட்டார்கள், யாரிடம் கருத்துக் கேட்டார்கள், யாரிடம் கேட்கவே இல்லை என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும்.

2023 மார்ச்சில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திரபாபு, சுற்றும் காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று விளக்கினார். பீகார் அரசின் அதிகாரிகள் குழு இங்கே வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசிப் போனது. ரயில் நிலையங்களில் ஊருக்குப் போகும் கூட்டத்தைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8ஆம் தேதி. ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் ஒவ்வோராண்டும் உண்டு. பயத்தில் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஒரு கூட்டத்தைப் பார்த்து ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது என்ற ஆய்வுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று என் பிள்ளைகள் கொதித்தார்கள். "நம்மளப் பத்தி இப்படிப் பொய் சொல்றாங்களே!" நான் 2018ஐ நினைவூட்டினேன். அப்போது தமிழில் வதந்தி, வடமாநிலத்தார் பிள்ளை பிடிக்கிறவர்கள். இப்போது இந்தியில் வதந்தி, தமிழர்கள் கொலைகாரர்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்கள் ஊரில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு பீகார்க் குடும்பத்தின் பையன் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் மதிய உணவின்போது என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். நான் சொல்லி அனுப்பவில்லை.

இதைப் பள்ளியில் செய்தால் அரசியல் நுழைந்துவிடும் என்று உங்கள் குழுவில் ஒருவராவது சொல்வார். நியாயமான அச்சம். அதற்கு நான் கண்ட வழி ஒரே ஒரு விதி: விசாரணைக்குக் கொண்டுவரும் செய்தி, உனக்குப் பிடித்த தரப்பைப் புகழ்வதாக இருக்க வேண்டும். எதிரியின் பொய்யைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் கண் கூர்மை. தனக்கு இனிக்கிற பொய்யைத் தொடத்தான் கை நடுங்கும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தியை ஒருத்தி கொண்டுவந்தாள். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை என்று அவளே கண்டுபிடித்தபோது முகம் வாடிவிட்டது. "பாட்டு நல்லா இருக்கிறதுக்கு யுனெஸ்கோ எதுக்குடி?" என்று தோழி தேற்றினாள்.

பதினோராம் வகுப்புப் பையன்கள் கொண்டுவந்தது தங்கள் நடிகர் படத்தின் முதல்நாள் வசூல். அதற்காக அடிதடி வரை போகிறவர்கள் அவர்கள். ஒரே படத்துக்கு நான்கு இடங்களில் நான்கு தொகை. எண்ணியது யார் என்று எங்கேயும் இல்லை. சரி, நாமே எண்ணலாம் என்றேன். சுற்றுவட்டாரத்தில் எத்தனை திரை, ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கை, எத்தனை காட்சி, என்ன கட்டணம் என்று தியேட்டர் தியேட்டராகப் போய்க் கேட்டு வந்தார்கள். எல்லா இருக்கையும் நிரம்பினால் அதிகபட்சம் எவ்வளவு வரும் என்று பெருக்கிப் பார்த்தார்கள். கணக்காசிரியர் உதவினார். எங்கள் ஊரில் வந்ததை வைத்து மாநிலம் முழுவதற்கும் சொல்லலாமா என்று ஒருவன் கேட்டான். சென்னையில் கட்டணம் வேறு, காட்சிகள் வேறு, ஆகவே சொல்லக்கூடாது என்று இன்னொருவன் பதில் சொன்னான். மாதிரி எடுத்தல் என்றால் என்ன, அதன் எல்லை எது என்று நான் ஒரு வாக்கியம்கூட நடத்தவில்லை. ஆய்வு முறையியல் என்று தலைப்புப் போட்டு ஒரு பாடம் எழுதினால் இந்தப் பையன்கள் தூங்கிவிடுவார்கள் என்பதை மட்டும் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

அரசு செய்தி சரிபார்ப்பகம் வைத்திருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். அவர்கள் வேலை தேவைதான். ஆனால் எது உண்மை என்று சொல்லும் பொறுப்பை முழுக்க அரசிடம் விட முடியாது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசின் குழுவே முடிவுசெய்யலாம் என 2023இல் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அரசும் தவறும். 2004 ஆழிப்பேரலை முடிந்த நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மறுபடியும் பேரலை வரலாம் என்று மத்திய உள்துறையே எச்சரித்தது. நாகப்பட்டினம் கரையில் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அலை வரவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, என்னைத் தூங்கவிடாத காரணம். 2018 ஜூனில் திரிபுராவின் சப்ரூம் பகுதியில், பிள்ளைபிடி வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு ஓர் ஆளை அனுப்பியது. அவரையே கூட்டம் அடித்துக் கொன்றது. பயம் ஏறிய பிறகு எந்த விளக்கமும் காதில் ஏறாது. விசாரிக்கும் பழக்கம் முன்கூட்டியே உடம்பில் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே செய்தவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியைப் பற்றிய வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததைப் பார்த்த ஆட்சியர் மீர் முகமது அலி, 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளை நடத்தினார். அதே தடுப்பூசிக்கு 2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளிலும் அதே வதந்தி வந்தது நினைவிருக்கும். பெற்றோர் பயந்து பிள்ளைகளை அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. வதந்தி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். வகுப்பு மட்டும் அங்கே நடந்தது, இங்கே நடக்கவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. நூலகப் பாடவேளை கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. மாதத்தில் இரண்டை இதற்கு விடுங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் பிள்ளைகள் இணையவழித் தேர்வு எழுதுகிறார்கள். அவற்றில் படத்தேடலும் செய்யட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான தேன்சிட்டு இதழில் மாதம் ஒரு செய்தியை விசாரணைக்குக் கொடுங்கள், விடையை அடுத்த இதழில் போடுங்கள். பள்ளிக்கு இரண்டு மூன்று நாளிதழ்கள் வரட்டும், வெவ்வேறு சாய்வு உள்ளவையாக. மதிப்பெண் மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்த மறுநாளே வினாவங்கி வந்துவிடும், 'பொய்ச் செய்தியைக் கண்டறியும் ஐந்து வழிகளை எழுதுக' என்று நாங்களே நெட்டுருப் போடவைப்போம்.

முதலில் எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பணியிடைப் பயிற்சியில் ஒரு முழு நாள், எங்கள் சொந்தக் கைபேசிகளோடு. ஆசிரியர் குழுக்களில் சுற்றும் செய்திகளைப் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன். பிள்ளைகளைவிட எங்களுக்குத்தான் அவசரம். வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாக்களுக்குப் பிள்ளைகள் மூலமாகத்தான் போக முடியும். என் மாணவி ஒருத்தி தன் தாத்தாவிடம், "நீங்க பாத்தீங்களா, பாத்தாங்களாமா?" என்று மட்டும் கேட்பாளாம். தாத்தா இப்போது அனுப்புவதற்கு முன் அவளைக் கூப்பிடுகிறாராம். இந்த இரண்டு 'ஆம்'களையும் தெரிந்துதான் போட்டிருக்கிறேன். நான் நேரில் பார்க்கவில்லை, அவள் சொன்னதுதான்.

2018 ஜூன் முதல் பிள்ளைகள் எழுதிய விசாரணைக் குறிப்பேடுகள் என் அலமாரியில் இருக்கின்றன. தவறான முடிவுக்கு வந்தவை, பாதியில் நின்றவை, நான் திருத்தியதே தப்பாகப் போனவை எல்லாம் அதில் உண்டு. பாடநூல் எழுத உட்காரும்போது அவை உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். பாடநூல் குழுவில் ஒருவர் கேட்டாலும் போதும், நகல் எடுத்து அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்